செத்த வீட்டுக்கு வந்த வான்சரக்கு

வான்சரக்குக்கு மூட்டைப்பூச்சியை நசுக்கிய வாடை. எழுபத்தெட்டில், வியாழன் கோளுக்கு அப்பாலிருந்து வரும் கப்பல்கள் ஆனையிறவு உப்புவெளியில் இறங்கத் தொடங்கிய நாளிலிருந்து அதை முதுகில் சுமந்தவன் நான். குளித்தாலும் போகாது. கறியில் ஒரு சிட்டிகை விழுந்தால் போதும், தின்றவனின் துக்கம் அரை நாளைக்குத் தொலைந்துவிடும். கொழும்பில் பொன் நிறுக்கிற தராசில் நிறுத்து விற்றார்கள். சாக்கின் அடியில் பிசுபிசுவென்று ஒட்டிய கசடை அக்கராயன் வயல் முதலாளிமார் மலிவாக வாங்கிப் போனார்கள். எதற்கென்று நான் கேட்டதில்லை.

அடுத்த வருஷம் என் மகள் சிவலட்சுமி நல்லதம்பி முதலாளியின் வயலில் நெல் வெட்டும்போது பாம்பு கடித்துச் செத்தாள். பத்தொன்பது வயது.

தாய்மாமன் வவுனியாவிலிருந்து கோடித்துணியோடு வரும்வரை பிணத்தை எடுக்க முடியாது. செத்த வீட்டில் அடுப்பு மூட்டவும் கூடாது. வெளியிலிருந்து சோறு வந்தால் வேண்டாம் என்பதில்லை. முதலாளியின் ஆள் கனகலிங்கம் சைக்கிளில் இரண்டு வாளி கொண்டுவந்தான்.

"அய்யா தந்துவிட்டவர். எல்லாரும் சாப்பிடுங்கோ. மழை இருட்டுது, நாளைக்கு வயலுக்கு வரவேணும்."

"எம்புள்ள இன்னும் குழிக்குப் போகலைங்க," என்றேன்.

"ஆர் வேண்டாமெண்டது? சாப்பிட்டிட்டு அழுங்கோவன்."

குழி வெட்ட ஆள் போதாமல் நானும் மண்வெட்டியோடு போனேன். திரும்பி வரும்போது ஒப்பாரி கேட்கவில்லை. வேலிப் படலைக்கு வந்ததும் சிரிப்புக் கேட்டது.

பிணத்தைச் சுற்றிப் பெண்கள் இலையோடு உட்கார்ந்திருந்தார்கள். மகளின் காலடியில் என் மனைவி பேச்சியம்மா. கன்னத்தில் காய்ந்த கண்ணீர், வாயோரத்தில் பருப்பு.

"வாங்க, வாங்க! இவ காலப் பாருங்க, பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு!"

அவள் தங்கை வீரம்மா சோற்றைச் சிந்திச் சிந்திச் சிரித்தாள். "பொண்ணு பாக்க வந்தவன் இந்தக் காலக் கண்டிருந்தா ஓடியிருப்பான்க்கா!"

வாளிக்குள் குனிந்தேன். பருப்பின் மேல் தவிட்டு நிறத்தில் எண்ணெய் மிதந்தது. அதே வாடை. என் முதுகில் வந்த சாக்கின் கசடு. வேலியோரம் ஓடினேன். ஒரு வாய்கூடத் தின்னாத வயிற்றிலிருந்து வெறும் பித்தம் வந்தது.

கனகலிங்கம் சைக்கிளில் சாய்ந்து நின்றான். "ஏன் பழனியாண்டி சத்தி எடுக்கிறாய்? அவளவை அழாமல் இருக்கிறாளவை. நல்லதுதானே?"

"அழுவுறதுக்குத்தான்யா உக்காந்திருக்காளுக."

"அழுது களைச்சவள் நாளைக்கு வயலில குனிவாளோ?"

இரண்டு வாளியையும் மண்ணில் கவிழ்த்தேன். பேச்சியம்மா தவழ்ந்து வந்து மண்ணோடு சேர்த்து அள்ளினாள். கையைப் பிடித்தேன்.

"விடுங்க, கொஞ்சம்தான்," என்று சிரித்தாள். பல்லில் மண் நெறுநெறுத்தது.

இன்னும் ஒரு மணி நேரத்தில் தாய்மாமன் வந்துவிடுவான், பிணத்தை எடுக்கவேண்டும். அதற்குள் இவர்களுக்குத் தெளியாது. என் பிள்ளை, பெற்றவளின் சிரிப்போடுதான் குழிக்குப் போவாள்.

எங்களில் ஆண்கள் ஒப்பாரி வைப்பதில்லை. பெண்களை விலக்கிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தேன். பாட்டுத் தெரியாது. அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்தையும், அவளுக்கு வந்த அம்மையையும், எழுபத்தேழுக் கலவரத்தில் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிய பாதையையும் வாயில் வந்தபடி சொல்லி நெஞ்சில் அடித்தேன். குரல் தவளைக் குரலாய் வந்தது. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பேச்சியம்மா என் தோளில் சரிந்து, "இன்னொருக்கா, இன்னொருக்கா," என்று கைதட்டினாள்.

தாய்மாமன் வந்து, யாருக்குப் பைத்தியம் என்று தெரியாமல் கோடித்துணியோடு படலையில் நின்றுவிட்டான். நான் நிறுத்தவில்லை.