நிற்காத ஸ்டேஷன்

“உன் மாமனார் முப்பது வருஷம் ரயில் ஓட்டினாரு. அதுல நான் ஒரு தடவைகூட ஏறினதில்லை, தெரியுமா?” என்றார் அத்தை.

“ஏன் அத்தை?”

“அது எக்ஸ்பிரஸ். நாங்க இருந்த ஊர்ல நிக்காது.”

“மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“கேட்டா நிறுத்திடுவாரு. அதான் கேட்கல.”

எனக்குக் கல்யாணமான புதிது. இருவரும் தலையணைகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தோம். “இதை உன் புருஷன்கிட்ட சொல்லி வைக்காதே. அப்பா மேல வருத்தப்படுவான்” என்று சொல்லிவிட்டு, அடுத்த உறையை உதறினார்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்ததும் பின் அறைக்குப் போய்விடுவார். அங்கே கட்டில் அளவு பலகை ஒன்றில் தண்டவாளம், சிக்னல், மருந்து பாட்டில் மூடியில் செய்த தண்ணீர்த் தொட்டி, ஓட்டு வீடு, ஒரு சின்ன ஸ்டேஷன். நான் முணுமுணுத்தால், “நாள் பூரா மேலயும் கீழயும் போறவன், சாயந்திரமாவது பக்கவாட்டுல போகட்டுமே” என்று அத்தை மகனுக்குப் பரிந்து பேசுவார்.

பொம்மை ரயிலில் அப்படி என்ன இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். கையில் இருந்த தூரிகையைக் கீழே வைக்காமலே சொன்னார்: “அப்பாவை வீட்ல தூங்கறப்பத்தான் பார்த்திருக்கேன். முழிச்சிருக்கறப்ப பார்த்தது இன்ஜின் ஜன்னல்ல மட்டும்தான். ரெண்டு விசில், ஒரு கையசைப்பு, அவ்வளவுதான். அதுக்காக அம்மா தலை சீவி, நல்ல புடவையா பார்த்துக் கட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்கு ஓடி வருவாங்க.”

அந்த அம்மாவும் பலகையில் உண்டு. விரல்நக உயரப் பொம்மையாக, பிளாட்பாரத்தின் ஓரத்தில் நிற்பார். வருடா வருடம் அவருக்குப் புதுப் புடவை வரைவார் என் கணவர். “கட்டின பொண்டாட்டிக்குப் புடவை எடுக்க மறந்தாலும் இவங்களுக்கு மறக்க மாட்டீங்க!” என்று நான் இடிப்பேன். ரயில் அந்த இடத்தைக் கடக்கும்போது உதடு குவித்து இரண்டு விசில் அடிப்பார். வண்டி மட்டும் நிற்காது.

எங்கள் மகள் ஆறு வயதில் ஒருமுறை ரயிலின் வேகக் குமிழைத் திருகி அங்கே நிறுத்திவிட்டாள். குரலே உயர்த்தாத மனிதர் பதறி எழுந்தார்.

“அங்க நிறுத்தாதே! அப்பாவுக்கு வேலை போயிடும்!”

“யாரோட அப்பாவுக்கு?” என்றாள் அவள்.

அவர் குமிழைத் திருகி வண்டியைக் கிளப்பினார். மாமா காலமாகி அப்போதே பத்து வருடம். வாசற்படியில் நின்றிருந்த அத்தை சத்தமில்லாமல் சமையலறைக்குத் திரும்பிப் போனார். அத்தை அந்த ரயிலில் ஏறியதே இல்லை என்று அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லி வைக்காதே என்று அத்தை கேட்டுக்கொண்டதை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அத்தை கண்மூடிய பிறகும் அது நாக்கின் நுனியிலேயே நின்றது.

அடுத்த வாரம் மகளின் மாடி வீட்டுக்குக் குடிபோகிறோம். பலகை அந்தப் படிக்கட்டில் திரும்பாது. மகளே டேப் வைத்து மூன்று முறை அளந்து பார்த்துவிட்டாள். பெட்டிகளும் இன்ஜினும் கூட வரும். ஸ்டேஷன் வராது, பலகையோடு ஒட்டியிருக்கிறது.

இன்று மதியம் அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் நின்றேன். ரயில் ஸ்டேஷனைக் கடந்தது. அவர் உதட்டைக் குவித்தார். வெறும் காற்றுதான் வந்தது.

“பல்செட் போட்டதிலேருந்து டிரைவர் சாருக்கு விசில் வரலையே” என்றேன்.

“சிரிக்காதே. டிரைவருக்கு வயசாயிடுச்சு” என்று அவரும் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. “இன்னும் ஒரே சுத்து. அப்புறம் கழட்டிடலாம்.”

வண்டி வளைவில் திரும்பியது. ஓட்டு வீட்டைத் தாண்டியது. பிளாட்பாரத்தில் அத்தை, இந்த வருடத்து நீலப் புடவையில். அவர் விரல் குமிழின்மேல் அசையாமல் இருந்தது. நான் அவர் தோளில் கை வைத்தேன்.

“என்னங்க, இந்த ஒரு தடவை அங்க நிறுத்துங்க. அத்தை ஏறிக்கட்டும்.”