வழி சொல்லும் எண்

கம்ப்யூட்டர் திரையின் மூலையில் நெட் இணைப்பு இருக்கிறது என்று ஜம்மென்று காட்டியது. ஆனால் ஒரு பக்கமாவது திறந்தால்தானே! இன்னும் கால் மணி நேரத்தில் அவளுக்கு வீடியோவில் நேர்காணல். வெளியூர்ப் பதிப்பகம் ஒன்றில் கணக்காளர் வேலை, கல்யாணத்துக்குப் பிறகு தேடி வந்த முதல் வாய்ப்பு. கணக்குத் தாளைத் திறந்து காட்ட வேண்டும், அதனால் செல்போன் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். விஷயம் தம்பியைத் தவிர யாருக்கும் தெரியாது. கிடைத்த பிறகு வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

கணவன் குளியலறையில் இருந்தான். நண்பர்கள் வைத்த பெயர் மேதாவி. கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டதும் அவன்தான், நெட் செட்டிங்கைப் பார்த்துப் பார்த்துச் செய்ததும் அவன்தான். வேறு யாராவது கை வைத்தால் வீடு இரண்டாகிவிடும். ஆகட்டும் என்று அவள் தம்பிக்குப் போன் போட்டாள். நெட்வொர்க் வேலையே அவன் பிழைப்பு.

தம்பி சொல்லச் சொல்ல, செட்டிங்ஸில் நெட்வொர்க்கைத் திறந்து, பல் சக்கரப் படத்தை அமுக்கினாள். டிஎன்எஸ் என்ற இடத்தில் ஆட்டோமேட்டிக் அணைந்திருந்தது. கீழே கையால் போட்ட ஒரு எண். அதைப் படிக்கச் சொன்னான். படித்தாள். இன்னொரு தரம் படிக்கச் சொன்னான்.

"அக்கா, இது உன் வீட்டுக்குள்ளயே இருக்கிற ஏதோ மெஷின். நீ எந்த சைட்டுக்குப் போனாலும் கம்ப்யூட்டர் முதல்ல இதுகிட்டதான் வழி கேக்கும். நீ எங்கெல்லாம் போறேன்னு அதுக்கு அத்துப்படி. இப்ப அது ஆஃப் ஆகியிருக்கு, அதான் எதுவும் வரல."

பீரோ மேல் இரவு பகலாக உறுமிக்கொண்டிருக்கும் பழைய லேப்டாப்! கல்யாண போட்டோக்களைச் சேமிக்கிறது என்றல்லவா கணவன் அளந்திருந்தான்? கரண்டு வீணாகிறதே என்று மாமியார் காலையில்தான் அதன் வயரைப் பிடுங்கிப் போட்டிருந்தார். பெற்ற தாயே மகனின் குட்டை உடைத்துவிட்டது தெரியாமல் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

மாதவிடாய் தள்ளிப்போனபோது அவள் தேடிப் போன தளங்கள், அம்மாவின் கட்டிக்காகப் போய்ப் பார்த்த மருத்துவமனைப் பக்கங்கள், எல்லாவற்றுக்கும் பின்னால் இவன் நின்றிருக்கிறான். சீ, இதுவும் ஒரு பிறவியா! அந்த எண்ணை அழித்து ஆட்டோமேட்டிக்கைப் போட்டாள். இணைப்பை ஒருமுறை அணைத்து ஏற்றினாள். பக்கங்கள் மடமடவென்று திறந்தன.

அவன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். திரையைப் பார்த்ததும் துண்டு நின்றது. எதற்காக இதைச் செய்தீர்கள் என்று கேட்டாள். கொஞ்சமாவது கூச்சம் வேண்டுமே! ஊர் கெட்டுக் கிடக்கிறதாம், எல்லாம் அவள் நல்லதுக்காம்.

"அந்தப் பதிப்பகத்தோட பக்கத்துக்கு நீ தினமும் போறது எனக்குத் தெரியாதா? எங்க வரைக்கும் போறேன்னுதான் பாத்துட்டிருந்தேன்," என்று சிரித்தான்.

உடம்பெல்லாம் புழு ஊர்கிற மாதிரி இருந்தது. பதில் சொல்ல நேரமில்லை, நேர்காணல் அழைப்பு வந்துவிட்டது. கணக்குக் கேள்விகள் சுலபமாகவே போயின. கடைசியில், கேள்வி கேட்ட பதிப்பகத்து அம்மாள் தயங்கிக் கேட்டார்.

"எங்க ஊருக்கே வந்து தங்க வேண்டியிருக்கும். வீட்டுல கேட்டுட்டுச் சொல்றீங்களா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் பதில் யோசித்து வைத்திருந்தாள். மேதாவி திரைக்குப் பின்னால் நின்று, வேண்டாம் என்று விரலை ஆட்டினான்.

"கேக்க யாரும் இல்லைங்க. திங்கட்கிழமையே வந்துடறேன்."

அவன் முகத்தைப் பார்த்தேதான் சொன்னாள்.