பன்னிரண்டாவது குறிப்பு

அரை மணிக்கு ஒரு தடவை எழுத்தர் தன் சகலையின் தலைக்கு உப்புத்தண்ணீர் அடித்தார். ஒரு சாண் தள்ளி நின்று, விரல் படாமல், நாற்றுக்குத் தெளிப்பதுபோல நான்கு முறை. அடித்து முடித்ததும் நோட்டில் நேரம் குறித்து ஒரு டிக் போடுவார். இருபத்தாறு வருடமாக அலுவலகத்துக்கு வரும் கடிதம், போகும் கடிதம் எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றிய கை அது. எதைச் செய்தாலும் ஒழுங்காகத்தான் செய்யும்.

சகலை என்பவர் அவர் மனைவியின் தங்கை கணவர். ஐந்து மணி நேரப் பயணத்தில் உள்ள ஊரில், கார் ஷோரூம் ஒன்றில் மேலாளர். முடி நடும் ஆஸ்பத்திரி எழுத்தர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்ததால், சிகிச்சை முடிந்த கையோடு இங்கே வந்து இறங்கிவிட்டார். மூன்று வாரம் தங்குவதாக ஏற்பாடு. தலை முழுக்க சிவப்புப் புள்ளியும் பொருக்குமாக ஷோரூமில் போய் நிற்க முடியாதல்லவா?

எழுத்தருக்கு இந்தச் சகலையை நினைத்தாலே வயிறு எரியும். அவருக்குச் சொந்த வீடு, இவருக்கு வாடகை வீடு. அவர் வாயைத் திறந்தால் மாமியார் வீடே சிரிக்கும்; இவர் வாயைத் திறந்தால் யாராவது தண்ணீர் குடிக்க எழுந்து போவார்கள். தலை ஒன்றில்தான் இரண்டு பேரும் சமம். முப்பத்தைந்தில் உதிர ஆரம்பித்து நாற்பதில் இருவருக்கும் மைதானமாகிவிட்டது. குடும்பப் படம் எடுக்கும்போது மைத்துனன் இருவரையும் சேர்த்து நிறுத்தி, "ரெட்டை பல்பு, கொஞ்சம் சிரிங்க" என்பான். எழுத்தருக்கு அந்தக் கேலி உள்ளூரப் பிடிக்கும். சகலையோடு அவரைச் சரிசமமாக யாரும் சேர்த்துச் சொன்னது அந்த ஒரு விஷயத்தில்தான். இப்போது அதற்கும் வேட்டு வைக்க வந்துவிட்டார் மனிதர்.

மூன்றாம் நாள் நெற்றி வீக்கம் இறங்கி சகலையின் கண்களை மூடிவிட்டது. மூன்று தலையணை முட்டுக்கொடுத்து நாற்காலியில் சாய்ந்திருந்தவரை மாமியார் போனில் பார்த்தார்.

"வீக்கம் வடியட்டும் மாப்ள, ராஜா மாதிரி இருப்பீங்க." பிறகு எழுத்தரின் முகம் தெரிந்ததும், "பெரிய மாப்ளயா? தலகாணி நழுவாம பாத்துக்குங்க. அவருக்குக் கழுத்து வலிக்கப் போகுது" என்றார்.

"எனக்கு இடுப்பே போச்சு" என்று எழுத்தர் சொல்வதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

"அண்ணே," என்றார் சகலை. "ஆஸ்பத்திரியில ஒரு தாள் குடுத்தாங்க. பொடி எழுத்து. எனக்குக் கண்ணே திறக்கல. உங்க கையெழுத்துல பெருசா எழுதி சுவத்துல ஒட்டிடுங்களேன். உங்களை மாதிரி யாரு எழுதுவா?"

எழுத்தர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். தாளில் பதினான்கு குறிப்புகள் இருந்தன. தலையை உயர்த்திப் படுக்கவும். குனிந்து எடை தூக்க வேண்டாம். நுரையைத் தடவி, குவளையால் மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவவும். பொருக்கை நகத்தால் எடுக்க வேண்டாம். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனவர் பன்னிரண்டாவதில் நின்றார்.

'இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் நட்ட முடிகளில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். அஞ்ச வேண்டாம். வேர் உள்ளேயே இருக்கும். மூன்று, நான்கு மாதத்தில் அதிலிருந்து புது முடி முளைக்கும்.'

பேனா அந்தரத்தில் நின்றது. 'இது செய்யவேண்டிய வேலை ஒன்றும் இல்லையே. வெறும் தகவல். அட்டவணையில் வேலைகளைத்தானே போடவேண்டும்?' என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். முறைப்படி பார்த்தால் அது சரிதான். முறைப்படி பார்த்ததால்தான் அதை விட்டோம் என்று தன்னை நம்பவைக்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. பதின்மூன்றாவதான 'ஆறு மாதம் நட்ட இடத்தில் சவரக்கத்தி படக் கூடாது' என்பதற்குப் பன்னிரண்டு என்று எண் கொடுத்தார். அச்சடித்த தாளை மடித்துத் தன் அலமாரியில் வைத்தார்.

பத்தாம் நாள் பொருக்கெல்லாம் உதிர்ந்து, சகலையின் நெற்றிக்கு மேலே குட்டை முடி ஒழுங்காக வரிசைகட்டி நின்றது.

"தம்பி, பத்து வயசு குறைஞ்சிடுச்சு உங்களுக்கு," என்று எழுத்தரின் மனைவி வாயில் கைவைத்தாள். கணவர் பக்கம் திரும்பி, "நீங்களும் ஒரு எட்டு போய்க் கேட்டுப் பாருங்களேன்" என்றாள்.

"எனக்கு மூளை உள்ள இருக்கு. மேல எதுவும் நட வேண்டியதில்ல."

"அதுக்கு ஏன் மூஞ்சி அப்படிப் போகுது?"

எழுத்தர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

பத்தொன்பதாம் நாள் காலை சகலை துண்டை ஏந்திக்கொண்டு குளியலறையிலிருந்து வந்தார். துண்டில் எள்ளைச் சிந்தியதுபோலக் குட்டை முடிகள்.

"அண்ணே, கொட்டுது. உங்க அட்டவணையில இதப் பத்தி ஏதும் போட்டிருக்கா?"

எழுத்தர் சுவரைப் பார்த்தார். "அட்டவணையில இல்லையே" என்றார்.

அவர் சொன்னதில் பொய் ஒரு சொல் கூட இல்லை. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அன்று காபியை இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்.

அடுத்த நாள் இன்னும் கொட்டியது. சகலை சாப்பிடவில்லை. "ஆஸ்பத்திரியில கேக்கக் கூச்சமா இருக்கு அண்ணே. தூக்கத்துல நானே சொறிஞ்சு கெடுத்திருப்பேன். அதைத்தான் கேப்பாங்க" என்றார். ஊரையே சிரிக்கவைத்த அந்தக் குரல் கம்மிப்போயிருந்தது. எழுத்தர் எழுந்து அலமாரி வரை போனார். கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

இருபத்தோராம் நாள் சகலை, "வாங்க, சலூனுக்குப் போவோம்" என்று கிளம்பினார். "திங்கக்கிழமை ஷோரூம்ல அரையும் குறையுமா போய் நிக்க முடியாது. முழுசா மழிச்சிட்டுப் போறேன்."

"கத்தி படக் கூடாதுன்னு இருக்கே, தம்பி."

"முடியே போனப்புறம் கத்தி பட்டா என்ன, கோடாலி பட்டா என்ன?"

சலூன்காரர் துணியைக் கழுத்தில் கட்டி, தலையைக் குனிந்து பார்த்தார். "தோல் இன்னும் சிவப்பாவே இருக்கு சார். ப்ளேடு போட்டா ரத்தம் வரும். யோசிச்சுக்குங்க."

"வரட்டும். போடுங்க."

அவர் அலுத்துக்கொண்டு புது ப்ளேடைப் பிரித்தார். கண்ணாடியில் சகலை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்த பெஞ்சில் எழுத்தரின் தலை பளபளத்தது. இன்னும் ஐந்து நிமிடம். பழையபடி ரெட்டை பல்பு. மூன்று வாரமாக அவர் வேண்டிக்கொண்டது அதுதான். ஆனால் மூடிய இமைகளுக்கு அடியில் ஈரம் கசிவதைப் பார்த்ததும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போய்ச் சலூன்காரரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள்," என்று ஆரம்பித்தார். அலுவலகத்தில் கடிதம் படித்துக் காட்டுகிற அதே குரல். "நட்ட முடிகளில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். அஞ்ச வேண்டாம். வேர் உள்ளேயே இருக்கும்." ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லி முடித்தார்.

சகலை கண்ணைத் திறந்தார். "எதுல இருக்கு இது?"

"ஆஸ்பத்திரித் தாள்ல. பன்னிரண்டாவது குறிப்பு. நான் எழுதல."

"மறந்துட்டீங்களா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வழி கூட விட்டுத்தான் கேட்டார் சகலை. எழுத்தர் இல்லை என்று தலையை ஆட்டினார். "வேணும்னேதான் விட்டேன். உனக்கு எல்லாம் இருக்கு தம்பி. இது ஒண்ணுலதான் நான் உன்கூட சமமா நின்னேன். பொறுக்கல."

சலூன்காரர் ப்ளேடை மேசையில் வைத்துவிட்டு, இல்லாத தூசியைத் துடைத்தார். சகலை துணியைக்கூட அவிழ்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். நர்ஸின் குரல் அறை முழுக்கக் கேட்டது: "எல்லாருக்கும் உதிரும் சார். குடுத்த தாளைப் படிக்கலையா? கத்தி மட்டும் வெச்சிடாதீங்க, காயமாச்சுன்னா வேரும் கெட்டுப்போயிடும்."

வீட்டுக்கு வந்ததும் எழுத்தர் அலமாரியைத் திறந்து அச்சடித்த தாளை நீட்டினார். நடந்ததை மனைவியிடம் அவரே சொன்னார். சகலை நின்றபடியே பதினான்கு குறிப்புகளையும் தானே படித்தார். இரண்டு முறை படித்தார்.

"என் மேலயும் தப்பு இருக்கு அண்ணி," என்றார் எழுத்தரின் மனைவியிடம். "தலை என்னோடது. கண்ணு திறந்த அன்னைக்கே தாளை வாங்கி நானே படிச்சிருக்கணும். சந்தேகம் வந்ததும் வெக்கப்படாம டாக்டரைக் கேட்டிருக்கணும். வைத்தியத்துல அடுத்தவங்க கையெழுத்தை நம்பி உக்காரக் கூடாது." பையை எடுத்துக்கொண்டு மத்தியானப் பேருந்துக்குக் கிளம்பினார். எழுத்தரிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

அவர் தெரு திரும்பும் வரை இருவரும் வாசலில் நின்றார்கள்.

"நான் ஒரு பொய்யும் சொல்லலடி," என்றார் எழுத்தர் மெதுவாக.

"பொய் சொல்லியிருந்தா அவர் யார்கிட்டயாவது கேட்டு உண்மையைக் கண்டுபிடிச்சிருப்பார்," என்றாள் மனைவி. "தெரிஞ்ச நல்லதைச் சொல்லாம வாயை மூடிக்கிட்டீங்க பாருங்க, அதை எங்க போய்க் கண்டுபிடிக்கிறது? பொறாமைக்காரன் கத்தி எடுக்கணும்னு அவசியமே இல்லங்க. சும்மா இருந்தாலே போதும், அடுத்தவன் தானாப் போய்க் கத்திக்குத் தலையைக் குடுத்துடுவான்."