ஐந்து குழாய்களின் திசை

நவம்பர் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். வெளியே இரண்டு டிகிரி, காற்றில்லை, எதிர்வீட்டுக் கூரைக்கு அப்பால் ஒன்றும் தெரியாத அளவுக்கு மூடுபனி. நில அளவையர் கைவிளக்குடன் நிலவறைக்கு இறங்கி, தாம் பொருத்திய தகரக் குழாய்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கத் தொடங்கினார். பாதியில் விளக்கொளி ஓரிடத்தில் நின்றது.

அவர் எண்ணிடாமல் எதையும் பூட்டியதில்லை. ஒவ்வொரு குழாயிலும், சூடேற்றும் இயந்திரத்தைப் பார்த்த முனையில், பென்சிலால் ஓர் எண் எழுதியிருந்தார். கூடத்தின் குளிர்ந்த காற்றை இயந்திரத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் வரிசையில் ஐந்து குழாய்கள். அந்த ஐந்திலும் எண்கள் இப்போது மறுமுனையில் இருந்தன. அறைகளுக்குச் சூடான காற்றைக் கொண்டுசெல்லும் வரிசைகளில் ஒன்றும் மாறவில்லை.

யாரோ ஐந்தையும் கழற்றி, தலைகீழாகத் திருப்பி, மீண்டும் பூட்டியிருக்கிறார்கள்.

திருகுகளும் அவருடையவை அல்ல. அவர் வாங்கியவை நட்சத்திரப் பள்ளம் உள்ளவை. இவற்றின் தலை ஆறு பட்டையாக இருந்தது. வரிசையின் இரு கோடிகளிலும் அவர் பொருத்தியிருந்த இணைப்புத் துண்டுகள் இரண்டும், துடைத்துச் சுத்தமாக, அலமாரியில் அருகருகே வைக்கப்பட்டிருந்தன. திருடன் துடைத்து வைத்துவிட்டுப் போவதில்லை. ஆகவே வந்தவர் வீட்டை அறிந்தவர்.

சூடேற்றும் அமைப்பைச் சோதிக்கத் திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆய்வாளர் வருவார். அவர் கையொப்பமிட்ட ஒப்புதல் புதன்கிழமைக்குள் குழந்தைகள் நலத்துறைக்குப் போய்ச் சேர வேண்டும். தத்தெடுப்புக்காக அவரும் மனைவியும் காத்திருந்தது மூன்று ஆண்டுகள். நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று இவர்களுக்கென்று குறிக்கப்பட்டிருந்தது. எல்லாம் சரி, ஆனால் குளிருக்கு அறைக்கு அறை எண்ணெய் அடுப்பு வைத்த வீட்டுக்குக் குழந்தையை அனுப்ப முடியாது என்று நலத்துறை அதிகாரி எழுதியிருந்தார். புதன் தவறினால் கோப்பு அடுத்த குடும்பத்துக்குப் போகும்.

இயந்திரத்தை அதை விற்ற நிறுவனமே வைத்துக் கொடுத்தது. குழாய் வேலைக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஜனவரி என்றது. குடியிருப்பவர் தாமே செய்துகொள்ள விதி இடம் கொடுத்தது. வெளியாள் கைபட்டால் மட்டும் விண்ணப்பம் செல்லாது.

மனைவியின் தம்பி இருபது ஆண்டுகளாகத் தகர வேலை செய்பவர். உறவினர் எல்லாருக்கும் அவர் ‘தகரம்’தான். செப்டம்பரில், அளவையர் வரைந்த வரைபடத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “படம் அழகா இருக்கு அத்தான். ஃபிரேம் போட்டு மாட்டிடுங்க.” அன்றிலிருந்து அளவையர் அவரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கோடையில் ஊருக்குப் போனபோது பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற அவரிடம் கொடுத்த சாவி திரும்பி வந்தது. அதற்கு நகல் எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று அளவையர் இப்போது யோசித்தார்.

மதியம், வரச்சொல்லி யாரும் அழைக்காமலேயே, தகரம் ஏணியைத் திருப்பித் தர வந்தார். ஏணி நான்கு மாதமாக அவரிடம் இருந்தது. திரும்பி வர இன்றுதான் அதற்கு வேளை வந்தது. தேநீர் குடிக்கும்போது அவர் கண் இருமுறை நிலவறைக் கதவுக்குப் போனது. அளவையர் இரண்டையும் கணக்கில் வைத்துக்கொண்டார்.

“கீழ எல்லாம் முடிஞ்சுதா அத்தான்?”

“முடிஞ்சதை யாரும் தொடாம இருந்தா முடிஞ்ச மாதிரிதான்.”

தகரம் அக்காவைப் பார்த்தார். அக்கா சர்க்கரை டப்பாவை மூடினாள்.

“நீ எந்தத் திருகு போடுவே மாப்ள?”

“ஆறு பட்டை. ஏன், வேணுமா?”

“வேணாம். இருக்கு.”

அதற்குமேல் விசாரணைக்கு என்ன தேவை என்று அளவையருக்குத் தோன்றவில்லை. தம்மை ஆய்வில் தோற்கடிக்கவே இந்த வேலை. அந்தப் படம் ஃபிரேம் போடத்தான் லாயக்கு என்று எல்லாரும் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு குழந்தையா விலை? வாசல்வரை போய் வழியனுப்பினார். கதவை இருமுறை பூட்டினார்.

ஞாயிறு காலை கருவிப்பெட்டியுடன் இறங்கியவரை மனைவி படிக்கட்டில் மறித்தாள். மருந்துக்கடையில் பன்னிரண்டு ஆண்டாக வேலை பார்ப்பவள். எதையும் தாழ்ந்த குரலில்தான் சொல்வாள். “அது பாட்டுக்கு இருக்கட்டுமேங்க. தொடாதீங்களேன்” என்றாள். எது இருக்கட்டும் என்று அவர் கேட்டார். அவள் படியோரம் ஒதுங்கி வழிவிட்டாள். தம்பியைக் காப்பாற்றுகிறாள் என்று அவர் முடிவு செய்தார். வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் உள்ளங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை அப்போதும் பார்த்தார். மருந்துப் பெட்டி பிரிக்கும்போது கிழித்தது என்று அவள் சொன்னதை நம்பியிருந்தார். அந்த வாரத்தில் அவர் நம்பியது அது ஒன்றைத்தான்.

நான்கு மணி நேரத்தில் ஐந்து குழாய்களும் பழைய திசைக்குத் திரும்பின. இணைப்புத் துண்டுகள் மறுபடி ஏறின. எண்கள் மறுபடி இயந்திரத்தைப் பார்த்தன.

திங்கள் பத்து மணிக்குச் சளியோடு வந்த ஆய்வாளர் சூடான காற்று வரிசைகளைத் தட்டிப் பார்த்தார், மட்டம் வைத்துப் பார்த்தார், குழாயைத் தாங்கும் தொங்குபட்டைகளின் இடைவெளியை அளந்தார். இவ்வளவு நேராகத் தொழில்காரர்களே பூட்டுவதில்லை என்றார். பிறகு திரும்பும் வரிசைக்கு வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“இந்தத் துண்டு ரெண்டும் எதுக்கு?”

இயந்திரத்தின் வாயும் தம் குழாயின் முனையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, தயாரித்தவர்களின் கவனக்குறைவு என்று அளவையர் விளக்கினார். ஆய்வாளர் விரலால் ஒரு மூட்டைத் தொட்டுக் காட்டினார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: ஒவ்வொரு குழாயிலும் ஒரு முனை ஒடுங்கியது, ஒரு முனை அகன்றது. ஒடுங்கிய முனை காற்று போகும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். இயந்திரத்திலிருந்து காற்று வெளியே போகும் குழாய்களில் அது இயந்திரத்துக்கு எதிர்ப்பக்கம். காற்று உள்ளே வரும் குழாய்களில் இயந்திரத்தின் பக்கம். அளவையர் எல்லாவற்றையும் ஒரே ஒழுங்கில் வைத்திருந்தார். காற்று இப்போது ஒவ்வொரு மூட்டிலும் தகர விளிம்பில் மோதும். நிலவறைத் தூசியையும் இழுத்துக்கொண்டு குழந்தையின் அறைக்குப் போகும்.

ஆய்வாளரின் விளக்கு மூட்டுகளின் மேல் மெதுவாக நகர்ந்தது. திருகு இல்லாத துளைகள் வரிசையாகத் தெரிந்தன.

“இதை யாரோ சரியா மாட்டியிருக்காங்க சார். அப்புறம் யாரோ கழட்டியிருக்காங்க. அது ஏன்னுதான் எனக்குப் புரியல.”

அடுத்த தேதி இருபது என்றார். புதனைப் பற்றி மனைவி சொன்னதும், குறிப்பேட்டைப் புரட்டி, இதே தெருவில் ஒன்றரை மணிவரை தமக்கு வேலை இருக்கிறது, அதற்குள் முடிந்தால் எட்டிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அளவையர் கைப்பேசியை எடுத்தார். முதன்முறையாக மைத்துனரின் எண்ணைத் தேட வேண்டியிருந்தது.

“அவனைக் கூப்பிடாதீங்க” என்றாள் மனைவி. “அவன் கை பட்டா விண்ணப்பமே செல்லாது. அதனாலதான் அவன் கீழ இறங்கவே இல்லை.”

“அப்போ யாரு?”

அவள் பிளாஸ்திரியை உரித்து உள்ளங்கையைக் காட்டினாள். வெட்டு நேராக இருந்தது. தகர விளிம்பின் வெட்டு. வியாழனும் வெள்ளியும் அரைநாள் விடுப்பு எடுத்தாள். தம்பி போனில் சொல்லச் சொல்ல அவளே கழற்றித் திருப்பி மாட்டினாள். திருகு மட்டும் அவன் பெட்டியிலிருந்து வந்தது.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா யார் சொன்னதுன்னு கேட்டிருப்பீங்க. தம்பின்னதும் ஒரு திருகைக்கூடக் கழட்ட விட்டிருக்க மாட்டீங்க.” உரித்த பிளாஸ்திரியைச் சுருட்டினாள். “நீங்க நம்பர் போட்டு வச்சிருப்பீங்கன்னு நான் யோசிக்கல. இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டு அதை யோசிக்காதது என் தப்புதான்.”

அவர் கைப்பேசியைக் கீழே வைத்தார். மணி பத்து ஐம்பது. அவள் முதல் குழாயின் கீழ் நின்று திருகு முடுக்கியைக் கேட்டாள், அவர் கொடுத்தார். எந்தப் பக்கம் தூக்க வேண்டும், எப்போது திருப்ப வேண்டும் என்று அவள் சொன்னாள். அவர் அப்படியே செய்தார். இணைப்புத் துண்டுகள் தேவைப்படவில்லை. இயந்திரத்தின் வாய்க்குள் ஒடுங்கிய முனை எவ்வித வற்புறுத்தலும் இல்லாமல் போய் அமர்ந்தது. கடைசித் திருகு ஏறியபோது ஒன்று இருபது. அலமாரியில் அந்த இரண்டு துண்டுகளையும் இம்முறை அவரே துடைத்து வைத்தார்.

ஆய்வாளர் ஒவ்வொரு மூட்டாகப் பார்த்து, மூட்டுகளை மூடும் வெள்ளித்தாள் நாடாவை இனி ஒட்டிக்கொள்ளலாம் என்றார். பிறகு படிவத்தை விரித்தார். ‘பணி செய்தவர்’ என்ற இடத்தில், செப்டம்பரிலேயே எழுதிய, அச்சுப்போன்ற எழுத்தில் அளவையரின் பெயர் மட்டும் இருந்தது.

“ஒரு திருத்தம் இருக்கு” என்றார் அளவையர். பேனாவை வாங்கி, தம் பெயருக்கு மேலிருந்த சிறிய இடைவெளியில் மனைவியின் பெயரை எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டார்.

ஆய்வாளர் அதைப் படித்தார், துளைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கீழே கையெழுத்திட்டு, முத்திரை உலரும்வரை ஊதி, நீட்டியிருந்த அளவையரின் கையைத் தாண்டி, தாளை அவர் மனைவியிடம் கொடுத்தார்.