முத்துலிங்கம் அண்ணையின் பதில்

ஜீவராணி வேலையை விட்டுப் பதினொரு நாள் ஆகியிருந்தது. கொட்டாஞ்சேனையில் பேர்ணடெற் அக்காவின் வீட்டு மேல்மாடி அறையில் அவளுக்குப் பொழுது நகரவில்லை. போன் அடித்தால் ஓடுவாள். வேறு யாரோ என்றதும் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்வாள். விலகல் கடிதத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பிலும் அனுப்பியிருந்தாள். முதலாளி முத்துலிங்கம் பார்த்துவிட்டார் என்று இரண்டு நீலக்கோடுகள் காட்டின. அவர்தான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"இன்னும் ஒண்டும் வரலையா ஜீவா?" சம்பல் கிண்ணத்தோடு படியேறி வந்த பேர்ணடெற் அக்கா கேட்டார்.

"இல்லையக்கா."

"இருபத்திரெண்டு வருஷம் வேலை செஞ்ச ஆளுக்கு ஒரு 'சரி' சொல்லக்கூட ஏலாதாமா?"

ஜீவராணியைக் குடைந்ததும் அதுதான். ஏசியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

வெள்ளவத்தையில் காலி வீதியோரம், நகைக்கடைக்கும் பார்மசிக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டு நிற்கும் முத்துலிங்கத்தின் சின்னக் கவுண்டரில்தான் யாழ்ப்பாண பஸ்ஸுக்கு சீட் புக் பண்ணுவார்கள். கனடாவில் இருந்த தமையன் கூப்பிடுவான் என்று லொட்ஜில் காத்திருந்தவள், விசா வரும்வரை மூன்று மாதம் என்று சொல்லி இரண்டாயிரத்து இரண்டில் அங்கே போய் உட்கார்ந்தாள். விசா வரவில்லை. மூன்று மாதம் முடியவும் இல்லை.

சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்த புதிது அது. முத்துலிங்கத்திடம் ஒரேயொரு பழைய பஸ் இருந்தது. வெயிலில் வரிசை நகைக்கடை வாசலையும் மறித்துக்கொண்டு நிற்கும். ஊரைக் கண்டு பத்து, பன்னிரண்டு வருஷமானவர்கள். ஒரு பெண் மூன்று நாள் தொடர்ந்து வந்து, "பஸ் உண்மையாவே போகுதோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். நாலாம் நாள் யன்னலோர சீட் கேட்டு வாங்கிக்கொண்டு, டிக்கெட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆனி மாதம் பிறந்தால் திரும்பி வரும் பஸ்ஸில் கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பெட்டிகள் இறங்கும். அந்த வாசனையில் கவுண்டரே கிறங்கிப்போய்க் கிடக்கும். முதல் பெட்டியைப் பிரித்து, முதல் பழத்தை அவளிடம் நீட்டி, "இந்தா பிள்ளை" என்பார் முத்துலிங்கம். அப்போது அவருக்குத் தலை நரைத்திருக்கவில்லை.

இப்போது ஆறு பஸ். மகன்தான் பொறுப்பு. போன மாதம் ஒரு றைவர் சொல்லாமல் நின்றுவிட்டான். "அழகருக்குப் போன் அடிச்சு வரச்சொல்லு பிள்ளை" என்றார் முத்துலிங்கம். ஹட்டன் பக்கத்து றைவர் அழகர் ஏற்கெனவே தொடர்ந்து இரண்டு இரவு ஓடியிருந்தார். ஜீவராணிக்கு அது தெரியும். தெரிந்தும் போன் எடுத்தாள். மூன்றாம் இரவு, சிலாபம் தாண்டி, பஸ் நின்றிருந்த லொறியில் மோதியது. உயிர்ச்சேதம் இல்லை. அழகரின் வலக்கால்தான் முறிந்தது.

"இன்சூரன்ஸ்காரன் கேட்டா, அழகர் முந்தினநாள் லீவு எண்டு சொல்லிவிடு" என்றார் முத்துலிங்கம்.

"அப்பிடிச் சொல்ல என்னால ஏலாது அண்ணை."

"ஏலாட்டி ஏன் இஞ்ச இருக்கிறாய்?" சீட் புக் பண்ண வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்க, மகன் தலை குனிய, அவர் கத்தினார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவளிடம் குரல் உயர்த்தியது அன்றுதான். அவள் அங்கேயே நாலு வரி எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். அழகர் காலில் மாவுக்கட்டோடு சாய்ந்திருந்தார்.

"வாங்கக்கா. மொதலாளி நேத்து வந்தாரு."

"என்ன சொன்னவர்?"

"ஒண்ணும் பேசலக்கா. ஒரு மணிநேரம் சும்மா ஒக்காந்திருந்தாரு. போறப்ப, 'உனக்குப் போன் எடுத்தது ஜீவராணி இல்ல, நான்தான்'னு சொல்லிட்டுப் போனாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. எடுத்தது நீங்கதானே?"

"ஓம் அழகர். நான்தான். எனக்குத் தெரிஞ்சிருந்தும் எடுத்தனான்."

"விடுங்கக்கா. ஏலாதுன்னு நானும் சொல்லியிருக்கலாம்ல" என்றார் அழகர். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் வாங்கிவந்த தோடம்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினாள்.

பின்னேரம் போன் அடித்தது.

"பிள்ளை, நான் முத்துலிங்கம்." அந்தக் குரலை அவளுக்குத் தெரியாதது போலச் சொன்னார்.

"சொல்லுங்கோ அண்ணை."

"இன்சூரன்ஸ்காரன் இண்டைக்கு வந்தவன். மூண்டு இரவும் நான்தான் ஓடச்சொன்னனான் எண்டு சொல்லிப்போட்டன். மகனுக்குக் கோவம். இருக்கட்டும். உன்ர கடிதத்துக்குப் பதில் எழுத எத்தினை தரம் இருந்து பாத்தன். வரேல்லை. அந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போடட்டே?"

பன்னிரண்டு நாளும் அவள் காத்திருந்த சொல் அது. நாளைக்கே போய், கதிரையை இழுத்துப் போட்டு, மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு உட்காரலாம்.

"கிழிக்க வேண்டாம் அண்ணை. நாளைக்கு இன்னொரு றைவர் வராட்டி நான் திரும்பவும் போன் எடுப்பன். நீங்க சொன்னா எடுப்பன். உங்களிட்டை மாட்டன் எண்டு சொல்லி எனக்குப் பழக்கமில்லை."

"அதுவும் சரிதான்" என்றார்.

ஆனாலும் இருவருக்கும் போனை வைக்க மனம் வரவில்லை. சண்டை மூண்டு பாதை மறுபடி பூட்டிய அந்த ஆவணிக்குப் பேச்சு போனது. பஸ் வடக்கே மாட்டிக்கொள்ள, பயணிகளின் வீட்டாருக்குப் பதில் சொல்லிச் சொல்லி இருவரும் கவுண்டரிலேயே பகலெல்லாம் கிடந்த நாட்கள்.

"அண்டைக்கு நீ அழேல்லை. நான்தான் பின்னால போய் நிண்டு அழுதனான்."

"தெரியும் அண்ணை. முகம் கழுவிப்போட்டு வந்தனீங்கள்."

அவர் சிரித்தார். அவளும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. விலகலை ஏற்றுக்கொள்வதாகவும், அவளைப் போல ஒருவர் இனிக் கிடைப்பது அரிது என்றும் தன் கோணல் எழுத்தில் எழுதியிருந்தார். அதைப் பேர்ணடெற் அக்காவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள்.

அடுத்த மாதம் கொட்டாஞ்சேனையிலேயே ஒரு கண் டொக்டரின் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் போன் அடித்ததும் எடுத்து, "எந்தத் திகதிக்கு சீட் வேணும்?" என்றாள்.

மறுமுனையில் இருந்தவருக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை போலிருக்கிறது. "புதன்கிழமைக்குக் கிடைக்குமா தங்கச்சி?" என்று கேட்டார்.