பெருசா இருக்கு

அப்பாவின் வலது கன்னத்தில் மகள் சோப்பு நுரையைத் தடவினாள். இடது கன்னத்தை அவரே மழித்திருந்தார். பாதியில் குளியலறையில் விழுந்துவிட்டார். டாக்டர் வந்து பார்த்து, மாரடைப்பு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இப்போது முன்னறைக் கட்டிலில் கிடந்தார்.

தாடைக்குக் கீழே ரேசர் வழுக்கியது. பஞ்சை எடுத்து அழுத்திப் பிடித்தாள். ரத்தம் நிற்பதற்காக மனதுக்குள் எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"சர்க்கரை வியாதிக்காரருக்குக் கேக்கு வெட்டி வாயில வெச்சா வேற என்ன ஆகும்?" என்றாள் அத்தை, நாற்காலியில் இருந்தபடியே. "எங்கண்ணன் சின்னப் புள்ள மாதிரி. குடுத்தா திம்பாரு. குடுக்கறவங்களுக்குப் புத்தி வேணாமா?"

எதிர்வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் கேக். நேற்று சாயங்காலம் அதில் ஒரு துண்டை அப்பாவுக்குக் கொடுத்தது அம்மாதான். காலையிலிருந்து அம்மா பேசியது ஒரே வாக்கியம். "நான்தான் குடுத்தேன்." வருகிற ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில்.

"அதனால இல்ல அத்தை," என்றாள் மகள்.

"பின்ன எதனாலயாம்? நேத்து வரைக்கும் ஏணி ஏறி இறங்குன மனுசன்."

மகள் ரேசரைத் தண்ணீரில் அலசினாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அப்பா அவளைக் கொசு என்றுதான் கூப்பிடுவார். அவருடைய ரத்தத்தை வீட்டிலேயே எடுத்துக்கொண்டு போவாள். போன மழைக்காலத்தில், ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் என்ற தட்டணுக்களின் சராசரி பருமன் ஏறியிருந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். சிவப்பணுக்களுக்கு நடுவே தூசி போலக் கிடக்க வேண்டியவை. பலவும் உப்பியிருந்தன.

"என்ன கொசு, பிளேட்லெட் குறைஞ்சிருச்சா?" என்று கேட்டார் அப்பா. சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எண்ணிக்கை சரியா இருக்குப்பா. சைஸுதான் பெருசா இருக்கு. பெருசா இருந்தா ஒண்ணோட ஒண்ணு சீக்கிரம் ஒட்டிக்கிட்டு ரத்தம் கட்டிரும். சர்க்கரையால ரத்தக்குழாய் கெட்டுட்டு வருதுங்கறதுக்கு அது ஒரு அறிகுறி. நிச்சயம்னு சொல்ல முடியாது. டாக்டரப் பாக்கணும்."

அப்பா குழாய் ரிப்பேர் செய்கிறவர். "குழாயப் பத்தி எனக்கே பாடமா?" என்று சிரித்தார்.

"என்னவாம்?" அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள்.

"பிளேட்லெட்டெல்லாம் பெருசா இருக்காம். நல்லா ஊட்டி வளத்திருக்க."

அம்மா கரண்டியோடு வெளியே வந்து இருவரையும் பார்த்துச் சிரித்தாள். காய்ச்சலில் பிளேட்லெட் குறைந்தால் ஆபத்து என்பது அவளுக்குத் தெரியும். பெருசு என்றால் நல்லதுதான். அன்றைக்கே மாடி வீட்டுக்காரியிடமும் சொல்லிவிட்டு வந்தாள்.

டாக்டர் எழுதிய மாத்திரையை அம்மாவிடம் சத்து மாத்திரை என்று சொல்லி அப்பா போட்டுக்கொண்டார். "அவ கொஞ்ச நாள் நிம்மதியா தூங்கட்டும், விடு," என்றார் மகளிடம். அதற்குப் பிறகு ரத்தம் எடுத்த ஒவ்வொரு முறையும் முடிவைக் கண்ணால்தான் கேட்பார். அவளும் கண்ணாலேயே சொல்வாள்.

மழித்து முடித்து, துண்டை நனைத்து அவர் முகத்தைத் துடைத்தாள். உண்மையைச் சொன்னால் அப்பா பொய் சொன்னவர் ஆகிவிடுவார். சொல்லாவிட்டால் அம்மா மிச்ச நாளெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தோடு இருப்பாள்.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள். அம்மா எழுந்தாள். "நான்தான்..." என்று ஆரம்பித்தாள்.

"அம்மா. ஒரு துண்டு கேக்கால இது ஆகாது," என்றாள் மகள். "பெருசா இருக்குன்னு அப்பா சொன்னாரே, அது நல்லதில்லம்மா. ரத்தக்குழாய் கெட்டுட்டு வந்திருக்கு. ரொம்ப நாளாவே."

வந்தவர் வாசலிலேயே நின்றார்.

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உனக்கு?"

"தெரியும்."

"அந்தச் சத்து மாத்திரை?"

"அது சத்து மாத்திரை இல்ல."

அம்மா தலையாட்டினாள். கடையில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் திரும்புகிறவளைப் போல.

"மாடி வீட்டுக்காரிகிட்ட வேற பெருமையா சொன்னேன்," என்றாள்.

"அண்ணி," என்றாள் அத்தை. இப்போது குரல் இறங்கியிருந்தது. "கொஞ்சம் காபி குடிக்கிறீங்களா?"

அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். கட்டில் விளிம்பில் கையை நீட்டி வைத்தாள்.

"எனக்கும் எடு."

"இப்பவாம்மா?"

"ம். என்ன வந்தாலும் எங்கிட்டயே சொல்லு."

மகளிடம் ஊசி இல்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அம்மாவின் முழங்கை மடிப்பில் விரலை வைத்து நரம்பைத் தேடினாள். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, விரல்களை இறுக்கி மூடினாள்.