பீரோவிலிருந்த வெள்ளைக்கோல்

டை முடிச்சு மூன்றாவது முறையும் கோணலாக விழுந்தது. ஜெயகரன் அதை அவிழ்த்து, தம்பியின் சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டு மறுபடியும் கட்டினார். இருபத்தெட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் இன்பராஜுக்கு அவர்தான் டை கட்டிவிடுவார். அண்ணன் கை பட்டதும் அவன் மோவாயைத் தூக்கிக் கொடுப்பான். இன்று சவப்பெட்டிக்குள் கிடந்தவனின் மோவாயை அவரே இடது கையால் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. நெற்றிக் காயம் தெரியாமலிருக்க முடியை முன்பக்கமாக வாரிவிட்டார்.

வெளியே பெஞ்சுகளில் மாரிகுப்பம் சுரங்க லைன் வீடுகளின் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேச்செல்லாம் இரும்புத் திருடர்களைப் பற்றித்தான். தங்கச் சுரங்கம் மூடியபின் எது கிடைத்தாலும் அறுத்துக்கொண்டு போகிற கூட்டம், நேற்று இரவு இன்பராஜ் பிடித்து நடக்கும் குழாயிலேயே கைவைத்துவிட்டது.

அந்தக் குழாய் ஜெயகரன் போட்டது. சுரங்கத்துக்குள் விளக்கு அணைந்துபோனால், சுவரோரம் ஓடும் காற்றுக்குழாயைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். அது ஆளை மேலே ஏறும் ஷாஃப்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை செய்த அண்ணன் தம்பி இருவருக்கும் அது பழக்கம். வெடிக்காமல் கிடந்த மருந்தில் டிரில் பட்டு இன்பராஜின் கண்கள் போனபோது, ஜெயகரன் பழைய குழாய்களைக் கொண்டுவந்து, வீட்டு வாசலிலிருந்து லைன் கடைசியில் இருக்கும் கக்கூஸைத் தாண்டி மெயின் ரோடு வரை இடுப்பளவு உயரத்தில் தன் கையாலேயே பொருத்தினார். தம்பி அதைப் பிடித்தபடி தலைநிமிர்ந்து நடந்தான்.

இன்று விடியற்காலையிலும் அப்படித்தான் போயிருக்கிறான். குழாய் வளைந்து திரும்பும் இடத்தில் அறுபட்டிருந்தது; அடுத்த துண்டு எங்கே என்று கையை நீட்டி இன்னும் ஓரடி வைத்திருக்கிறான். கீழே சாக்கடைக் கால்வாய், கருங்கல்.

“ஜெயகரன் சார் மட்டும் அந்தப் பைப்பப் போடலன்னா, இன்பராஜு இத்தன வருசம் வாசப்படியே தாண்டிக்க மாட்டான்” என்று முனியப்பன் சொல்வது உள்ளே கேட்டது. “தம்பிய இப்பிடிப் பாத்துக்கினவன் இந்த லைன்ல எவன்டா கீறான்?”

ஜெயகரன் சீப்பைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்தார்.

இன்பராஜின் மகள் டீனா பின்னால் வந்து நின்றாள். காலையில் வேலைக்குப் போகும் பெங்களூர் ரயிலுக்காக உடுத்திய உடையிலேயே இருந்தாள்.

“பீரோ சாவி குடுங்க பெரியப்பா.”

“இன்னாத்துக்கு?”

“கோலு அதுலதான கீது.”

அவர் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஊரே கூடி நிக்குது. இப்ப அத்தக் காட்டணுமா?”

“காட்டறதுக்கு இல்ல. அப்பா கூட வைக்கணும்.”

எட்டு மாதத்துக்கு முன் அவள்தான் அப்பாவைப் பெங்களூரில் பத்து நாள் பயிற்சிக்கு அழைத்துப்போய் அந்தக் கோலை வாங்கிக் கொடுத்தாள். மடக்கக்கூடிய வெள்ளைக்கோல். நுனி தரையில் உள்ள பள்ளத்தைக் காட்டிவிடும்; எதிரே ஆளோ வண்டியோ வந்தால் கைப்பிடி அதிரும். இன்பராஜ் அதைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று சிரித்தான். “அண்ணே, நம்ம டிரில்லு மாதிரியே துடிக்குது. தூசிதான் இல்ல.”

ஜெயகரன் சிரிக்கவில்லை. “நம்ம அப்பா மேஸ்திரியா இருந்தவரு. அவரு புள்ள ரோட்ல கோலு தட்டினு போனா, பிச்சைக்கு அனுப்பிட்டோம்னு பேசுவாங்க” என்றார். இன்பராஜ் கோலை நான்காக மடித்து, அண்ணன் நிற்கும் திசையை நோக்கி நீட்டினான். அன்றே அது பீரோவுக்குள் போனது.

அதுகூடப் பரவாயில்லை. முந்தாநாள் சாப்பிடும்போது, “கால்வாய்கிட்ட பைப்பு ஆடுதுண்ணே” என்று சொன்னான். “நான் போட்டது. ஆடாது” என்று சொல்லிவிட்டு ஜெயகரன் குழம்பை ஊற்றிக்கொண்டார். இது டீனாவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். அவள் கோலை எடுத்து, பெட்டிக்கு மேலே சுவரில் இருந்த பிளக்கில் சார்ஜ் போட்டாள். தம்பியின் தலைமாட்டில் ஒரு சின்னப் பச்சை விளக்கு மினுங்கத் தொடங்கியது. வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள்.

மூன்று மணிக்கு பாஸ்டர் ஜெபம் முடித்தார். பெட்டியை மூடுமுன் டீனா கோலை மடித்து அப்பாவின் கையருகே கொண்டுபோனாள். ஜெயகரன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“பெட்டில வேணாம்.”

அவள் முகம் இறுகியது. “இன்னும் இன்னா மானம் பெரியப்பா?”

“எங்கிட்டக் குடு” என்றார்.

அன்று தம்பி செய்ததை நினைவில் வைத்து ஒவ்வொரு துண்டாக உதறி நீட்டினார். மூத்தவர் பெட்டிக்குப் பின்னால் நடப்பதுதான் முறை. அவர் முன்னால் போனார். லைன் நடுவே, எல்லாரும் பார்க்க, வெள்ளைக்கோலைத் தரையில் தட்டிக்கொண்டு நடந்தார். எதிரே நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் கைப்பிடி அதிர்ந்தது.

சாலை கால்வாயைச் சுற்றிக்கொண்டு போகும். ஜெயகரன் சாலையில் திரும்பாமல் குழாயோரமாகவே போனார். இடது கை குழாயின் மேல் இருந்தது. அறுபட்ட முனையில் கை நின்றது. கோலின் நுனி கருங்கல் விளிம்பைத் தொட்டு, அதைத் தாண்டி, ஒன்றுமில்லாத இடத்தில் தொங்கியது.

அவர் அங்கேயே நின்றார். பின்னால் பெட்டியைச் சுமந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டு காத்திருந்தார்கள்.